எந்த ஊர்க்காரர் என்று கேட்கும் அமெரிக்கா

2016 பிப்ரவரி 1 அன்று அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வு தொடங்கியது. முதல் சுற்றில் வென்றவர் டெட் குரூஸ். அவருக்கு விழுந்த 51,000-க்கும் அதிகமான வாக்குகளை அந்த மாநிலத்தில் அக்கட்சியின் எந்த வேட்பாளரும் அதுவரை வாங்கியதில்லை. குரூஸ் பிறந்தது கனடாவின் கால்கரி நகரத்தில். தாய் அமெரிக்கர், தந்தை கியூபாக்காரர். 2014 வரை கனடாக் குடியுரிமையும் அவருக்கு இருந்தது. இதெல்லாம் ரகசியமும் அல்ல. தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களாக டொனால்டு டிரம்ப் இதைத்தான் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத்தான் அயோவாவின் பக்திமிக்க கிறிஸ்தவ வாக்காளர்கள் குரூஸுக்கு வாக்களித்தார்கள்.

ஐந்தாண்டு பின்னோக்கிப் போனால், 2011 ஏப்ரலில் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் இதே கட்சியின் ஆதரவாளர்களில் 43 விழுக்காட்டினர் பராக் ஒபாமா வெளிநாட்டில் பிறந்தவர் என்றோ, அப்படித்தான் இருக்கும் என்றோ சொல்லியிருந்தார்கள். ஒபாமா பிறந்தது ஹவாயில். 1961 ஆகஸ்டில் ஹொனலூலுவின் இரண்டு நாளிதழ்களிலும் அவர் பிறந்த செய்தி அச்சாகியிருக்கிறது.

வெளிநாட்டில் பிறந்தவர்களை அரசியலில் அமெரிக்க மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்பவர் இந்த இரண்டு சங்கதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பிறந்த இடத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும் இது, பெரும்பாலும் பிறந்த இடத்தைப் பற்றியது அல்ல. யார், எந்தப் பதவிக்கு, எந்த எதிரியை நாடு அஞ்சும் காலத்தில் வருகிறார் என்பதுதான் பதிலை முடிவு செய்கிறது. இருநூற்று முப்பது ஆண்டுக் கதையை அலசிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்.

சட்டத்தில் தடை ஒன்றே ஒன்று. பிறப்பால் குடிமகனாக இருப்பவர்தான் அதிபராகலாம். பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டும் செனட்டுக்கு ஒன்பது ஆண்டும் குடியுரிமை இருந்தால் போதும். ஆளுநர், மேயர், அமைச்சர் பதவிகளுக்கு அரசியலமைப்பு எந்தத் தடையும் சொல்லவில்லை. அதிபர் பற்றிய விதி எப்படி வந்தது என்பதற்குக் கையில் கிடைக்கும் சான்று, 1787 ஜூலை 25 அன்று ஜான் ஜே, வாஷிங்டனுக்கு எழுதிய சிறு கடிதம். படைத் தலைமையைப் பிறப்பால் குடிமகனான ஒருவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று அவர் அதில் கேட்டுக்கொள்கிறார். அந்தக் கோடையில் ஒரு வதந்தி ஊரெல்லாம் உலவியது: பூட்டிய அறைக்குள் சட்டம் எழுதிக்கொண்டிருப்பவர்கள், இங்கிலாந்து மன்னரின் இரண்டாவது மகனை அழைத்துவந்து அரியணையில் உட்காரவைக்கப் போகிறார்கள் என்று. மறுப்பு வெளியிடும் அளவுக்கு அது பரவியிருந்தது. ஆக, அன்றைய அச்சம் கப்பலில் வந்து இறங்கும் ஏழைக் குடியேறியைப் பற்றியது அல்ல. ஐரோப்பிய இளவரசனைப் பற்றியது.

அரசியலமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட 39 பேரில் ஏழு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். செனட்டர் ஆக 14 ஆண்டுக் குடியுரிமை வேண்டும் என்று கவர்னர் மாரிஸ் வாதாடியபோது, ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் வில்சன் எழுந்து, தானே சேர்ந்து உருவாக்கும் சட்டத்தின்கீழ் பதவி வகிக்கத் தனக்கே தகுதி இல்லாமல் போகும் சங்கடத்தைச் சொன்னார். (மாரிஸின் முதல் பெயர்தான் கவர்னர், பதவி அல்ல.) மேற்கிந்தியத் தீவான நெவிஸில் பிறந்த அலெக்சாண்டர் ஹாமில்டனைத் தடுக்கவே அதிபர் விதி எழுதப்பட்டது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது தவறு. சட்டம் ஏற்கப்பட்ட நாளில் குடிமக்களாக இருந்த அனைவருக்கும் விலக்கு உண்டு. ஹாமில்டன் விரும்பியிருந்தால் போட்டியிட்டிருக்கலாம்.

செனட்டுக்கான புதிய விதிக்கு முதலில் பலியானவர் ஜெனீவாவில் பிறந்த ஆல்பர்ட் காலட்டின். பென்சில்வேனியாவின் செனட்டராக 1793-இல் வந்து உட்கார்ந்தவர், அடுத்த பிப்ரவரியில் 14-க்கு 12 என்ற வாக்கில் வெளியேற்றப்பட்டார். ஒன்பது ஆண்டுக் குடியுரிமை நிறைவடையவில்லை என்பது காரணம். ஆனால் கருவூலத்தின் கணக்குவழக்கை விவரமாகக் காட்டச் சொல்லி அவர் ஏற்கெனவே தீர்மானம் கொண்டுவந்திருந்தார், கருவூலத்துக்குப் பொறுப்பாளர் ஹாமில்டன். கேள்வி கேட்டவரும் வெளிநாட்டில் பிறந்தவர், கேட்கப்பட்டவரும் வெளிநாட்டில் பிறந்தவர். பெரும்பான்மை யார் பக்கம் இருந்ததோ அவர் பிழைத்தார். அதே காலட்டின் 1801 முதல் 1814 வரை கருவூல அமைச்சராக இருந்தார். அந்தப் பதவியில் அவ்வளவு நீண்டகாலம் இருந்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. அவரை வெளியேற்றிய கட்சி 1798-இல் குடியுரிமை பெறும் காலத்தை ஐந்திலிருந்து 14 ஆண்டாக உயர்த்தியது. குடியேறிகள் எதிர்க்கட்சிக்கு வாக்களிக்கிறார்கள் என்பதே அதன் கவலை. ஜெஃபர்சன் வந்ததும் 1802-இல் பழைய ஐந்தாண்டே திரும்பியது.

இந்தக் கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஓடுகிறது. 1850-களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களும் ஜெர்மானியர்களும் லட்சக்கணக்கில் வந்து இறங்கியபோது, ‘ஒன்றும் தெரியாதவர்கள்’ என்று பெயர் வாங்கிய கட்சி கிளம்பியது. ரகசியச் சங்கமாகத் தொடங்கியதால், யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது அதன் உறுப்பினர்களுக்கு விதி. குடியுரிமைக்கு 21 ஆண்டு காத்திருக்க வேண்டும், அயல்நாட்டில் பிறந்தோர் பதவிக்கு வரக்கூடாது என்று கோரிய அக்கட்சியின் வேட்பாளர் மில்லர்ட் ஃபில்மோர் 1856 அதிபர் தேர்தலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றே அதிகமான வாக்குகளைப் பெற்றார். கருத்துக்கணிப்பு இல்லாத காலத்தில் மக்கள் மனத்தை அளக்க இதைவிட நல்ல அளவு கிடையாது.

எதிர்த் தரப்பில் நடந்தது இன்னும் சுவையானது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1859-இல், குடியுரிமை பெற்றவர்கள் மேலும் இரண்டாண்டு கழித்தே வாக்களிக்கலாம் என்று சட்டம் செய்தது. ஜெர்மானிய வாக்காளர்கள் கொதித்தார்கள். இலினாய்ஸ் வழக்கறிஞர் ஒருவர் அந்தச் சட்டத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதியதோடு நிற்காமல், ஸ்பிரிங்ஃபீல்டில் வெளிவந்த ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையைச் சத்தமில்லாமல் விலைக்கு வாங்கிவிட்டார். வழக்கறிஞரின் பெயர் ஆபிரகாம் லிங்கன். 1848 புரட்சியில் தோற்று ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த கார்ல் ஷுர்ட்ஸ் அவருக்காக ஊர் ஊராகப் பேசினார். பிறகு உள்நாட்டுப் போரில் தளபதி, மிசௌரியின் செனட்டர், உள்துறை அமைச்சர் என்று உயர்ந்தார். ஜெர்மானியர்களுக்கு வாக்கு இருந்தது, ஷுர்ட்ஸுக்கு மரியாதை கிடைத்தது. தாராள மனத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நகர அரசியலில் இது இன்னும் வெளிப்படை. நியூயார்க்கின் மேயர்களாக இருந்தவர்களில் வில்லியம் ஓட்வையர் அயர்லாந்தில் பிறந்தவர், அவருக்கு அடுத்து வந்த வின்சென்ட் இம்பெலிட்டேரி சிசிலியில் பிறந்தவர், 1970-களில் ஏப் பீம் லண்டனில் பிறந்தவர். அந்த நகரவாசிகள் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் இவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். 1790-ஆம் ஆண்டின் முதல் குடியுரிமைச் சட்டமே சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றுதான் எழுதப்பட்டது. 1882-இல் சீனர்களுக்குக் கதவு மூடப்பட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டு வழக்காடியபோது, சாதாரண மனிதர்களின் பேச்சுவழக்கில் இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவனியுங்கள்: பொதுமக்களின் மனப்பான்மையே அங்கு சட்டத்தின் அளவுகோல் ஆகிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள்.

தலீப் சிங் சாந்த் என்ற பஞ்சாபியின் கதையை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும், குடியுரிமை இல்லாததால் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்து பிழைத்தார். இந்தியர்களுக்கு 1946-இல் சட்டம் வழிவிட, 1949-இல் குடிமகன் ஆனார். 1956-இல் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டி. எதிர்த்து நின்றவர் ஒலியை விஞ்சும் வேகத்தில் விமானம் ஓட்டிய முதல் பெண், நாடறிந்த ஜாக்குலின் காக்ரன். பணத்துக்கும் குறைவில்லை, அதிபர் ஐசன்ஹோவரின் நட்பும் உண்டு. சாந்த் வென்றார். கடைத்தெருவில் பழகிய முகம், விவசாயிகளின் சிக்கல் தெரிந்தவர், அந்த ஊரில் நீதிபதியாகவும் இருந்தவர். தொகுதிக்காரர்களுக்கு அவர் ‘ஓர் ஆசியர்’ என்பதற்கு முன் ‘நம்ம ஜட்ஜ்’. வாஷிங்டனுக்கு வேறொரு பயன் இருந்தது: பனிப்போர்க் காலத்தில், அமெரிக்காவில் நிறவெறி இல்லை என்று ஆசிய நாடுகளுக்குக் காட்ட அவரைப் பயணம் அனுப்பிவைத்தார்கள். அவருக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த ஒருவர் அந்தச் சபைக்குத் தேர்வாக 60 ஆண்டு ஆனது. 2016 நவம்பரில் ஒரே நாளில் இரண்டு பேர்: சென்னையில் பிறந்த மலையாளி பிரமிளா ஜெயபால், டெல்லியில் பிறந்த தமிழர் ராஜா கிருஷ்ணமூர்த்தி.

பனிப்போரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் பிறந்ததே ஒரு தகுதியாக மாறிய காலம் அது. ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த ஹென்றி கிஸிஞ்சர் கடைசிவரை கரகரத்த ஜெர்மன் உச்சரிப்போடு பேசினார். 1973 முதல் மூன்றாண்டு தொடர்ந்து காலப் கணிப்பில் அமெரிக்கர்கள் மிகவும் மதிக்கும் ஆணாக வந்தார். போலந்தின் பிரெஜின்ஸ்கி, பிராகாவின் மேடலின் ஆல்பிரைட், ஹங்கேரியின் டாம் லாண்டோஸ், ஹவானாவின் இலியானா ராஸ்-லெஹ்டினன் என்று பதவிக்கு வந்தவர்களின் வரிசை நீளம். நாஜிகளாலோ கம்யூனிஸ்டுகளாலோ சொந்த நாட்டை இழந்தவர்கள் இவர்கள். அமெரிக்கா யாரை வெறுத்ததோ அவனால் துரத்தப்பட்டவர்கள் என்பதால் விசுவாசத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவை இருக்கவில்லை. ஆனாலும், அதிபருக்கு ஏதாவது நேர்ந்தால் பதவிக்கு வருவோர் வரிசையில் வெளியுறவு அமைச்சருக்கு உள்ள இடம் அந்தப் பதவியில் இருந்த கிஸிஞ்சருக்கும் ஆல்பிரைட்டுக்கும் கிடைக்கவில்லை.

அந்த ஒரு நாற்காலியைத் திறந்துவிடலாமா என்ற கேள்வி மக்கள் முன் உருப்படியாக வந்தது ஒரே ஒரு முறை. 2003 அக்டோபரில், ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்டு ஷ்வார்ஸெனெகர், 135 வேட்பாளர்கள் நின்ற தேர்தலில் கலிஃபோர்னியாவின் ஆளுநர் ஆனார். அதற்குச் சில மாதம் முன்பே செனட்டர் ஓரின் ஹாட்ச், 20 ஆண்டு குடியுரிமை உள்ளவர் அதிபராகலாம் என்று சட்டத்திருத்தம் முன்மொழிந்திருந்தார். ஷ்வார்ஸெனெகருக்காக விளம்பரம் போட்டுப் பிரசாரம் செய்தவர்களும் உண்டு. 2004-இல் எடுத்த கணிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கூடாது என்றார்கள். ஹாட்ச்சின் திருத்தம் வாக்கெடுப்பு வரைக்கும் போகவே இல்லை.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. தங்கள் மாநிலத்துக்கு அவரையே தேர்ந்தெடுப்பார்கள். கொள்கையாகக் கேட்டால் கூடாது என்பார்கள். கனடாவின் வான்கூவரில் பிறந்த ஜெனிஃபர் கிரான்ஹோமை மிச்சிகன் இருமுறை ஆளுநராக்கியதும் அதே ஆண்டுகளில்தான். ஆளை வைத்துக் கேட்கும்போதும் பொதுவாகக் கேட்கும்போதும் ஒரே மனிதர் இரண்டு விடை தருகிறார். அதனால்தான் இந்த விஷயத்தில் கருத்துக்கணிப்பு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். பியூ ஆய்வு மையம் 2016-இல் கேட்டபோது, உண்மையான அமெரிக்கராக இருப்பதற்கு அந்த மண்ணில் பிறந்திருப்பது மிக முக்கியம் என்றவர்கள் 32 விழுக்காட்டினரே. ஆங்கிலம் பேசத் தெரிவது மிக முக்கியம் என்றவர்கள் 70 விழுக்காட்டினர். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பிறந்த இடம் பெரிய விஷயம் இல்லை என்று தோன்றும். திருத்தம் பற்றிய எண்ணைப் பார்த்தால் அதுதான் எல்லாம் என்று தோன்றும்.

ஒபாமா பற்றிய கணிப்பும் இப்படித்தான். 2011 ஏப்ரல் 27 அன்று முழுப் பிறப்புச் சான்றிதழ் வெளியானதும், சந்தேகப்பட்ட குடியரசுக் கட்சியினர் 43-இலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தனர். ஒரு தாளைப் பார்த்ததும் பாதிப் பேர் மனம் மாறினார்கள் என்றால், அவர்கள் தகவலுக்காகக் காத்திருந்தவர்கள் என்று கொள்ளலாம். மீதிப் பேர்? ‘இவர் எனக்கு அதிபர் இல்லை’ என்பதைச் சொல்ல, கணிப்பாளர் நீட்டிய கேள்வியை ஒரு சாக்காகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் அவர்களில் பலர் என்பது என் ஊகம். சான்றிதழுக்குப் பிறகும் ஐந்தாண்டுக்கு மேல் இழுத்தடித்து, 2016 செப்டம்பரில்தான், அதுவும் ஒற்றை வாக்கியத்தில், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர் என்று டிரம்ப் ஒப்புக்கொண்டார்.

அந்நியர் என்ற சந்தேகம் அங்கேயே பிறந்தவர்கள் மேல் ஏறுவது ஒபாமாவோடு நிற்கவில்லை. கமலா ஹாரிஸ் ஓக்லண்டில் பிறந்தவர். அவர் தாய் சியாமளா கோபாலனின் பூர்வீகம் நம் துளசேந்திரபுரம். 2020-இல் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும், பெற்றோர் குடிமக்கள் அல்ல என்பதால் தகுதி உண்டா என்று ஒரு சட்டப் பேராசிரியர் பத்திரிகையில் எழுதினார். 2024 ஜனவரியில் அதே வாதத்தை நிக்கி ஹேலிக்கு எதிராக டிரம்ப் பகிர்ந்தார். ஹேலி பிறந்தது தென் கரோலினாவின் பாம்பெர்க் ஊரில். மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்று 1898-இலேயே வாங் கிம் ஆர்க் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. 2019 ஜூலையில், வந்த நாட்டுக்கே திரும்பிப் போகட்டும் என்று டிரம்ப் தாக்கிய நான்கு பெண் உறுப்பினர்களில் மூவர் நியூயார்க், டெட்ராய்ட், சின்சினாட்டியில் பிறந்தவர்கள். சோமாலியாவில் பிறந்த இல்ஹான் ஓமர் ஒருவர்தான் உண்மையில் ‘வந்தவர்’. அவரைத் திருப்பி அனுப்பு என்று வட கரோலினாக் கூட்டத்தில் முழக்கம் எழுந்தது. சபை 240-க்கு 187 என்ற வாக்கில் டிரம்பின் பேச்சைக் கண்டித்தது. குடியரசுக் கட்சியிலிருந்து நான்கு பேர் மட்டுமே கண்டனத்துக்கு வாக்களித்தார்கள். 2022-இல் ஜெயபாலின் சியாட்டில் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு ஒருவர் கைதானார். இந்தியாவுக்கே போ என்று தொலைபேசியில் வந்த வசவுகளை அவர் பொதுவெளியில் வெளியிட்டார்.

இதற்கு எதிர்வினையாக வெளிநாட்டில் பிறந்த அரசியல்வாதிகள் சிலர் செய்வதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. வான்கூவரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த செனட்டர் ஹயகாவா, 1981-இல் ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கத் திருத்தம் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு இழப்பீடு தருவதையும் எதிர்த்தார். ஷ்வார்ஸெனெகர் பதவிக்கு வந்த கையோடு, ஆவணமில்லாத குடியேறிகளுக்கு ஓட்டுநர் உரிமம் தரும் சட்டத்தை நீக்கச் செய்தார். கொலம்பியாவில் பிறந்து 2024-இல் ஒஹையோவின் செனட்டராகத் தேர்வான பெர்னி மொரேனோ, அடுத்த ஆண்டு டிசம்பரில் இரட்டைக் குடியுரிமையைத் தடைசெய்யும் மசோதாவை முன்வைத்தார். முதல் தலைமுறைக்காரர் விசுவாசத்தைக் காட்டுவதற்கு மிகச் சுருக்கமான வழி, தனக்குப் பின்னால் வருபவருக்குக் கதவைச் சாத்துவது. வாக்காளர்கள் இதற்குப் பரிசு தருகிறார்கள் என்பதுதான் கசப்பு. எல்லாரும் அப்படியல்ல, ஃபுகுஷிமாவில் பிறந்த ஹவாய் செனட்டர் மேஸி ஹிரோனோ நேர் எதிர்த் திசையில் நின்றே மூன்று முறை வென்றிருக்கிறார்.

அந்நியர் என்று குத்திக்காட்டும் ஆயுதத்தை ஒரு கட்சிக்காரர்கள்தான் எடுக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த எலான் மஸ்க் 2024 தேர்தலில் டிரம்புக்காக 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டபோது, அவர் ஒரு காலத்தில் சட்டவிரோதமாக வேலை செய்தவர் என்று மேடையில் குத்திக்காட்டியவர் ஜனநாயகக் கட்சியின் அன்றைய அதிபர் பைடன். அடுத்த கோடையில் மஸ்க்கும் டிரம்பும் முறைத்துக்கொண்டதும், அவரை நாடு கடத்துவது பற்றி யோசிக்கலாம் என்ற பாணியில் டிரம்பே பேசினார். உலகின் பெரும் பணக்காரரும் வெள்ளையருமான மஸ்க்குக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜூனில், உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து 2018-இல்தான் குடிமகனான ஸோரான் மம்தானி, நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் வென்றார். டென்னசியின் ஆண்டி ஓகில்ஸ் என்ற உறுப்பினர், அவரது குடியுரிமையைப் பறித்து நாடு கடத்தச் சொல்லி நீதித்துறைக்குக் கடிதம் எழுதினார். பிறப்பால் குடிமக்களைவிடக் குடியுரிமை பெற்றவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று அரசு கருத முடியாது என 1964-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடிதம் எழுதியவருக்கு அது பொருட்டல்ல. நவம்பரில் மம்தானி பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளோடு வென்றார். வாடகை, பேருந்துக் கட்டணம், குழந்தைப் பராமரிப்புச் செலவு என்று அவர் பேசியதைக் கேட்ட நகரம் கம்பாலாவைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அந்த மாதமே வெள்ளை மாளிகையில் அவரைச் சந்தித்த டிரம்ப், புகைப்படக்காரர்கள் முன் சிரித்துப் பேசி அனுப்பிவைத்தார்.

கணிப்புகளைவிட நான் நம்புவது பதவிகளின் எண்ணிக்கையை. 1789-இல் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் பத்து விழுக்காடு. நூறாண்டு கழித்து எட்டு விழுக்காடு. 2020 தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்களில் பத்தில் ஒருவர், ஏறத்தாழ 2.3 கோடிப் பேர், குடியேறிவந்து குடியுரிமை பெற்றவர்கள். அந்தத் தேர்தலில் அமைந்த நாடாளுமன்றத்தில் அவர்களைப் போல வெளிநாட்டில் பிறந்தவர்கள் மூன்று விழுக்காடு.